எங்க ஆளுக்கு நாலே வரி

வாங்க தம்பி, வாங்க. செருப்பு காலோட கெடக்கட்டும், இது கிளப்பு தானே, கோயில் இல்லல்லா. அந்தக் கசேரி வேண்டாம், அதுக்குக் காலு ஆடும். இதுல இரிங்க. ராத்திரி பூரா ரயில்ல வந்திருப்பீங்க. பிளாஸ்க்குல சாயா இருக்கு, ஊத்துறேன். சீனி கூடுதலாத்தான் இருக்கும், கடக்கரை ஆளுங்க அப்படித்தான் குடிப்போம்.

நீங்க டில்லிபாபுவுக்க அண்ணன், ஏழுமலை. இன்னைக்கு வருவீங்கன்னு பங்குச்சாமி காலையில பூசை முடிஞ்சு சொன்னாரு. நான் ததேயுஸ். மாதாத்துறை கால்பந்துக் கழகத்துக்குச் செயலாளர். ஐஸ் கம்பெனி வச்சிருக்கேன், இங்க இருந்து கடலுக்குப் போற போட்டுக்கெல்லாம் நம்ம ஐஸ்தான். உங்க தம்பிய மஞ்சேரியில போய்ப் பாத்து இந்த ஊருக்குக் கூட்டிட்டு வந்தது நான்தான்.

பேக்கு அந்தா மூலையில இருக்கு. யாரும் தொறக்கல்ல. போனு அலமாரிக்குள்ள இருக்கு, சாவி எனக்க இடுப்புல. எல்லாம் எடுத்துத் தாறேன். அதுக்கு முன்னால நான் சொல்லுறத நீங்க பொறுமையாக் கேக்கணும். ஏன்னா நீங்க அங்க மெட்ராஸ்ல இருந்துகிட்டு, 'கடலோர முரசு' எழுதினதத்தான் போன்ல படிச்சிருப்பீங்க. அந்தப் பேப்பரப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். எனக்க பெஞ்சாதி கேப்பா, உங்களுக்குச் சோறு வேணுமா பேப்பர் வேணுமான்னு. அவ்வளவு படிச்சிருக்கேன்.

பின்னால சுவத்தத் திரும்பிப் பாருங்க. இந்தப் பக்கம் ஒட்டியிருக்கதெல்லாம் எங்களப் பத்தி அந்தப் பேப்பர்காரன் எழுதினது. அந்தப் பக்கம் சவேரியார்பட்டணத்தப் பத்தி எழுதினது. சவேரியார்பட்டணம்னா அந்தா ஆத்துக்கு அக்கரையில வெள்ளையாத் தெரியுதுல்லா ஒரு கோபுரம், அதான். சிவப்பு மையில வட்டம் போட்டிருக்கது நான். வாசிங்க. கண்ணாடி வேணும்னா தாறேன்.

சரி, நானே சொல்லுறேன். செவன்ஸ்னா உங்களுக்குத் தெரியும்லா, ஒரு பக்கத்துக்கு ஏழு பேரு. அதுல மூணு பேரு வரைக்கும் வெளியாளு எறக்கலாம். அவனுக்கு கெஸ்ட்னு பேரு. எந்தக் கிளப்புக்கும் சொந்தமில்லாதவன், யாரு நல்லா விலை சொல்லுறானோ அவனுக்குப் பந்து களிப்பான், கப்பு முடிஞ்சா பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவான். எல்லா ஊரும் எறக்குது. நாங்களும் எறக்கினோம், அக்கரைக்காரனும் எறக்கினான். அவன் நைஜீரியாக்காரன் ரெண்டு பேரக் கொண்டு வந்தான். பெர்க்மான்ஸ் என்ன எழுதினான்? பெர்க்மான்ஸ்தான் இந்தப் பகுதிக்கு நிருபர். "சவேரியார்பட்டணத்துக்குப் புது ரத்தம்." புது ரத்தமாம்! நான் உங்க தம்பியக் கொண்டு வந்தேன். அதே ஆளு, அதே பேனா. "பணத்தை வாரி இறைக்கும் மாதாத்துறை." இந்தா இருக்கு, வட்டம் போட்டிருக்கேன். அவன் செலவழிச்சா முதலீடு, நான் செலவழிச்சா திமிரு. மாமியா உடைச்சா மண்குடம், மருமவ உடைச்சா பொன்குடம்.

படத்தப் பாருங்க. அவனுக்க நைஜீரியாக்காரன் மாலை போட்டுச் சிரிச்சிட்டு நிக்கான். உங்க தம்பி படம், வாயத் தொறந்து, கண்ணு பாதி மூடி. கோல் அடிச்ச அன்னைக்கு எடுத்த படம் அது. கோல் அடிச்சவன இப்படியா போடுவான்? ஆனா உங்க தம்பி வெகுளி. அந்தப் பேப்பர வாங்கி மடியில வச்சிட்டு, ஒண்ணாம் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும், ஆபீஸ் போன் நம்பரு உட்பட, எல்லாத்தையும் படம் புடிச்சு வீட்டுக்கு அனுப்பினான். "எங்க அண்ணன் பாத்தா குதிப்பான் சார்"னு சொன்னான். உங்களுக்கு வந்துதா? வந்திருக்கும்.

இந்த பெர்க்மான்ஸ் ஏன் இப்படிச் செய்றான்னு நீங்க கேக்கல்ல, ஆனா கேக்கணும். அவன் பொண்ணெடுத்தது சவேரியார்பட்டணத்துல. மச்சினன் அந்தக் கிளப்புக்குப் பொருளாளர். இது போதுமா இன்னும் வேணுமா? ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு. நான் பேப்பர் ஆசிரியருக்கே போன் பண்ணிக் கேட்டுட்டேன். "உண்மையத்தானே எழுதுறாரு"ன்னு அவரும் சொல்லுறாரு. உண்மைதான் தம்பி, பைசா செலவழிச்சது உண்மைதான். ஆனா அவனும் செலவழிச்சானே, அந்த உண்மை எங்க போச்சு?

சாயா ஆறுது, குடிங்க.

உங்க தம்பிய நான் மொதல்ல பாத்தப்பம் மஞ்சேரி மைதானத்துக்கு வெளிய பூட்ஸக் கையில தொங்கப் போட்டுட்டு நின்னான். டிப்பார்ட்மென்ட் டீமுல ஒப்பந்தத்துல இருந்தானாம், டீமையே கலைச்சுட்டானுவளாம். "எங்க வேணா வரேன் சார், ஆட வுட்டா போதும்"னான். அந்த வார்த்தை எனக்குப் புடிச்சுது. அவனுக்கு விலை பேசும்போது பக்கத்துல சவேரியார்பட்டணத்துக்காரனும் நின்னான், விட்டுக் குடுக்கல்ல நான். புது பூட்ஸு வாங்கிக் குடுத்தேன். எங்க வீட்டுல இருந்துதான் சாப்பாடு. நெய்மீன் கொழம்புன்னா அவனுக்கு உயிரு, எனக்க பெஞ்சாதி தலைத்துண்ட எடுத்து வச்சிருந்து போடுவா. இதெல்லாம் பேப்பர்ல வந்துதா? ஒரு வரி வந்துதா? எனக்கும் அவன் மேல பிரியம் உண்டு தம்பி. இப்பமும் நெய்மீன் வாங்கினா அவ அழுவா, நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன்.

காலிறுதியில என்ன நடந்துதுன்னா, ரெண்டாம் பாதியில அவன் நடு மைதானத்துல குத்த வச்சு இருந்துட்டான். கையி நெஞ்சுல. நாங்க போயி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு உப்புப் போட்டு சோடா குடுத்தோம். எந்திரிச்சுட்டான். பங்குனி வெயிலு தம்பி, மண்ணு மைதானம், யாருக்குத்தான் வராது? அன்னைக்கு சாயங்காலம் கடக்கரையில வள்ளத்து மேல இருந்து வெகுநேரம் போன்ல பேசினான். வீட்டுக்குத்தான் பேசியிருப்பான். மறுநாளு நான் போன வாங்கி வச்சிட்டேன்.

அதுல ஒண்ணும் தப்பு நினைக்காதீங்க. இந்தக் கடக்கரையில அது வழக்கம். அரையிறுதி வந்துட்டா கெஸ்டுக்க போன செயலாளர் வாங்கி அலமாரியில பூட்டிருவாரு. முந்தி ஒரு தடவை எங்க கெஸ்ட் ஒருத்தன அக்கரைக்காரன் போன்லயே விலை பேசிக் கலைச்சுட்டான், காலையில பாத்தா ஆளு இல்ல. அதுல இருந்து எல்லா ஊரும் பூட்டுது. டில்லி எடுத்துக் குடுத்துட்டான். ராத்திரி அலமாரிக்குள்ள அடிச்சுட்டே கெடந்துதுன்னு வாச்சுமேன் சொன்னாரு. பொறவு சார்ஜ் தீந்து நின்னு போச்சு.

அரையிறுதி ஜெயிச்சோம். இறுதிக்கு முந்தின நாளு சாயங்காலம் பேப்பர் வந்துது. இந்தா, இதான், ரெண்டு வட்டம் போட்டிருக்கேன். "மாதாத்துறை வீரருக்கு நெஞ்சுவலி? இறுதிப் போட்டியில் ஓய்வளிக்குமா கழகம்?" கேள்விக்குறி போட்டிருக்கான் பாத்தீங்களா. படிச்சதும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டு. இது என்னன்னு புரியுதுல்லா? நாங்க அவ்வளவு செலவழிச்சுக் கொண்டு வந்த ஆள, களிக்காமலே கரையில இருத்தணும். அக்கரைக்காரன் சும்மா வந்து கப்பத் தூக்கிட்டுப் போகணும். அதுக்குப் பேரு பேப்பரா?

நேரா போனப் போட்டு பெர்க்மான்ஸக் கேட்டேன், யாருலே உனக்குச் சொன்னதுன்னு. "அவங்க வீட்டுல இருந்துதான் கூப்பிட்டு அழுதாங்க, கழகத்துல யாரும் கேக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னாங்க"ன்னு சொல்லுறான். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறான்! வியாசர்பாடியில இருக்க வீட்டுக்காரங்களுக்கு, இந்தக் கடைக்கோடியில இருக்க பேப்பர் ஆபீஸ் எப்பிடித் தெரியும்? புளுகினாலும் பொருத்தமாப் புளுகாண்டாமா?

எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு, ஒத்தன் இங்கயே இருக்கான்னு. எங்க கோல் காக்குற கோலி ஹிலாரிதான். உள்ளூர்ப் பய. டில்லிகூட ஒரே அறையில படுத்தவன். "டில்லிக்கு மூச்சு வாங்குது, டாக்டர்கிட்ட காட்டுவோம்"னு எங்கிட்டயே ஒரு தடவை வந்து சொன்னவன். வேற யாரு சொல்லியிருப்பா? பொறவு அவனக் கிளப்ப விட்டே நீக்கிட்டேன். அவனுக்க அப்பன் போட்டுக்கு ஐஸும் நிறுத்திட்டேன். அவன் பாடியோட உங்க வீட்டுக்கு வந்தான்லா, ஒல்லியா, தாடி வச்சிட்டு? அவனேதான். அழுதிருப்பான். நம்பிராதீங்க.

இன்னும் கேளுங்க. அன்னைக்கே ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால எனக்க போனு அடிக்குது. புது நம்பர். எடுத்தா ஒருத்தன் மெட்ராஸ் பாசையில பேசுறான். "சார், சார், வெச்சிடாதீங்க சார், டில்லிய நாளைக்கு எறக்காதீங்க சார், எங்க நைனாவும் இப்டித்தான் மூட்டை தூக்கிக்கினு இருக்கச் சொல்லோ நெஞ்ச புடிச்சிக்கினு போனாரு சார்." நைனாவாம்! என்ன நடிப்புங்கீங்க. அழுகையும் சேத்து அழுறான். பெர்க்மான்ஸ் ஆள வச்சுப் பேசுறான்னு எனக்குத் தெரியாதா? அவனுக்க நம்பரு எங்கிட்ட உண்டு, அதனால வேற சிம்மு. "லே பேப்பர்காரா, ஒன் வேசத்த அக்கரையில போய்ப் போடு"ன்னு சொல்லி வச்சிட்டேன். திரும்பத் திரும்ப அடிச்சான். எடுத்துரக் கூடாதுன்னு 'பேப்பர் பொய்யன்'னு பேரப் போட்டு வச்சேன். இப்பமும் எனக்க போன்ல கெடக்கு. மறுநாளு பொழுது விடிஞ்சும் அடிச்சுட்டு இருந்தான். களி முடிஞ்ச பொறவு அந்த நம்பர்ல இருந்து ஒரு தடவை கூட வரல்ல. காரியம் முடிஞ்சுட்டுல்லா அவனுக்கு.

என்ன தம்பி, தலையக் குனிஞ்சுட்டீங்க? வெயிலா இருக்கா? ஃபேனு இம்புட்டுதான் சுத்தும். இரிங்க, முடிச்சிருறேன்.

இறுதி அன்னைக்குக் காலையில டில்லி எங்கிட்ட வந்தான். பல்லு கூடத் தேய்க்கல்ல. "சார், ஒரு மாதிரி படபடன்னு இருக்குது. இன்னிக்கு செகண்ட் ஆஃப்ல எறக்குறீங்களா"ன்னு கேட்டான். நான் கோவப்படல்ல. சத்தியமாக் கோவப்படல்ல. தோள்ல கையப் போட்டு இதே சுவத்துக்கு முன்னால கூட்டிட்டு வந்தேன். பேப்பரக் காட்டினேன். "மக்கா, இத வாசி. நீ இன்னைக்கு மொத விசில்ல நிக்கல்லன்னா இவன் எழுதினது உண்மைன்னு ஆயிரும். நீ நின்னு களிச்சா இவன் ஊர் முன்னால பொய்யன். ஒனக்க காலுதான் எனக்கு மறுப்புச் செய்தி"ன்னு சொன்னேன். அவன் வாசிச்சான். ரெண்டு தரம் வாசிச்சான். பொறவு, "அண்ணன்கிட்ட ஒரே ஒரு நிமிசம் பேசிக்கிறேன், போன் குடுங்க சார்"னான்.

வழக்கம்னா வழக்கம்லா தம்பி. ஒருத்தனுக்குக் குடுத்தா மத்த ரெண்டு பேரும் கேப்பானுவ. "களி முடியட்டும் மக்கா, கப்போட நின்னு அண்ணனுக்குப் படமே அனுப்பு"ன்னு சொன்னேன். சரி சார்னு தலையாட்டிட்டுப் போனான். மறுபேச்சு பேச மாட்டான், நல்ல வளப்பு.

அன்னைக்கு அவன் களிச்ச களி இருக்கே! அக்கரைக்காரன் ரெண்டு பேர ஏய்ச்சு, பந்த வெட்டிச்சு எடுத்து, கோலிக்க காலுக்கு எடையில போட்டான். மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நிக்குது. நான் எங்க பாத்தேன் தெரியுமா? பெர்க்மான்ஸத்தான் பாத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கான், கைதட்டல்ல. குறிப்பெடுக்கவும் இல்ல. அவன் மூஞ்சி டில்லியவே பாத்துட்டு இருந்துது. "எழுதுலே இத எழுது"ன்னு இங்க இருந்து கத்தினேன்.

கொஞ்ச நேரத்துல டில்லி கீழ கெடக்கான். பக்கத்துல ஒருத்தனும் இல்ல. யாரும் தொடல்ல. நாங்க சிரிச்சோம் தம்பி, கோல் முன்னால இருக்கோம்லா, நேரம் கடத்துறான் கெட்டிக்காரன்னு சிரிச்சோம். அக்கரைக்காரன் எந்திரிலேன்னு கூச்சல் போட்டான். மொதல்ல வேலியத் தாண்டி ஓடினது பெர்க்மான்ஸ். அவன் ஓடவும் எனக்கு ஆத்திரம், படம் எடுக்கத்தான் ஓடுறான்னு. ஆனா கேமராவ வேலியிலேயே போட்டுட்டுப் போனான். டில்லிக்க நெஞ்சப் போட்டு அமுக்கிட்டே கெடந்தான். ஜீப்புல தூக்கிப் போட்டோம். ரோடு பூரா களி பாக்க வந்தவனுக்க பைக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் கையப் புடிச்சுப் பாத்துட்டு விட்டுட்டாரு.

உங்களுக்குச் சேதி சொன்னது பங்குச்சாமி. எனக்கு அப்பம் நிதானம் இல்ல.

மறுநாளு பேப்பர் வந்துது. இப்பம் சொல்லுங்க, நீங்களே ஞாயம் சொல்லுங்க. முன்பக்கத்துல பாதிக்கு, "இறுதிப் போட்டி நிறுத்தம்: கோப்பை யாருக்கு?" அதுல சவேரியார்பட்டணத்துக்காரனுவ கறுப்புத் துணி கட்டி, தலையக் குனிஞ்சு நிக்குற படம். எங்க ஆளு செத்திருக்கான், படம் அவனுக்கு! உங்க தம்பி செய்தி உள்பக்கத்துல, மீன் விலைக்குக் கீழ. நாலே வரி. எண்ணிப் பாருங்க, நாலே வரி. "களத்தில் மயங்கி விழுந்த வீரர் உயிரிழந்தார்." மாதாத்துறைங்குற பேரே அதுல இல்ல. அவன் அடிச்ச கோல் இல்ல. அக்கரைக்காரன் ஒருத்தனுக்குப் போன வருசம் விரலு பிசகினதுக்குப் படத்தோட போட்டவன் இவன்.

அதான் நான் மெட்ராஸுக்கு வரல்ல. உங்க தம்பிய அடக்கம் பண்ணுற அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு நினைக்கீங்க? பேப்பர் ஆபீஸ் வாசல்ல. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு சத்தம் போட்டேன். நாலு வரிய நாப்பது வரியாக்குன்னு கேட்டேன். அவனுக்காகத்தானே நின்னேன்?

அதுக்குப் பதிலாத்தான் அடுத்த வாரம் எழுதினான், நீங்க படிச்சதா சாமி சொன்ன அந்தக் கட்டுரை. அதுக்கு மட்டும் முழுப் பக்கம். "வலி தெரிந்தும் களமிறக்கியது யார்?" கெஸ்ட ஏன் டாக்டர்கிட்ட காட்டல்லன்னு கேக்கான். இந்தக் கடக்கரையில எந்தக் கிளப்பு கெஸ்ட டாக்டர்கிட்ட காட்டியிருக்கு? அக்கரைக்காரன் காட்டினானா? அத ஏன் கேக்கல்ல? அதான் தம்பி எனக்குப் பொறுக்கல்ல. பனை மரத்துக்குக் கீழ நின்னு பாலக் குடிச்சாலும் எங்களுக்கு மட்டும் அது கள்ளு.

நான் ஒண்ணும் பெருசாக் கேக்கல்ல. ஒரே ஒரு உதவி. இந்தா இது அவன் போட்ட ஒம்பதாம் நம்பர். துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன். இதப் புடிச்சிட்டு இந்தச் சுவத்துக்கு முன்னால நில்லுங்க. "கிளப்பு எந்தம்பிய நல்லாப் பாத்துக்கிட்டாங்க, வீட்டுல யாரும் பேப்பருக்குப் போன் பண்ணல்ல, எழுதினது பூரா பொய்"னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும். நான் போன்ல எடுத்து எல்லாருக்கும் அனுப்புறேன். செத்தவனுக்க கூடப்பொறந்தவன் சொன்னா பேப்பர்காரன் போட்டுத்தானே ஆகணும்? முழுப் பக்கம் போடணும். பொறவு பேக்கு, போனு, எல்லாம் எடுத்துட்டு நிம்மதியாப் போங்க. வந்ததுல இருந்து நீங்க வாயத் தொறக்கவே இல்ல, இத மட்டும் சொல்லிருங்க.

ஜெர்சியப் புடிங்க. வேண்டாமா? சரி, மடியில வச்சிக்கிடுங்க, மொகம் தெரிஞ்சாப் போதும். இருங்க, எனக்க போன எடுக்கேன்.

சவம், இந்த நேரத்துல அடிக்குது பாருங்க.

பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி! நான் சொன்னது பொய்யா? இந்தா பேரப் பாருங்க, 'பேப்பர் பொய்யன்'. அதே நம்பர். இத்தன நாளு செத்துக் கெடந்த நம்பர், நீங்க வந்து இந்தக் கசேரியில இருந்ததும் அடிக்குது. அவனுக்கு அதுக்குள்ள மூக்குல வேர்த்துட்டு. இன்னைக்கு விடக் கூடாது. ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்க சாட்சி.

ஹலோ. ஹலோ, பேசும் ஓய். அன்னைக்கு அழுதீருல்லா, இப்பம் அழும். இங்க யாரு இருக்கான்னு தெரியுமா?

பேச மாட்டேங்கான். மூச்சு மட்டும் கேக்குது. எனக்க சத்தமே திரும்பி எனக்குக் கேக்குது, பக்கத்துல வச்சிருக்கது மாதிரி.

தம்பி, நீங்க எதுக்குப் போனக் காதுல வச்சிருக்கீங்க?